முதல் ரேட்டிங் போட்டிக்குப் போகிறீர்களா? பெயர்ப் பதிவிலிருந்து ஸ்கோர்ஷீட் கையெழுத்து வரை

செஸ் கோச்சிங் வகுப்பில் ஓப்பனிங் சொல்லித் தருவார்கள், எண்ட்கேம் சொல்லித் தருவார்கள். ஆர்பிட்டரை (போட்டி நடுவரை) எப்போது கூப்பிடுவது, டிராவை எந்த நொடியில் கேட்பது, கடிகாரத்தை எந்தக் கையால் அமுக்குவது என்பதையெல்லாம் பெரும்பாலும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. முதல் போட்டியில் கைவிட்டுப் போகிற அரைப் புள்ளிகளில் பல, பலகைக்கு வெளியே போகிறவை. நல்ல நகர்வு கையில் இருக்கும். காகிதத்திலோ கடிகாரத்திலோ கோட்டை விட்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் முதன்முறையாக ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் கிளாசிக்கல் போட்டி ஆடப்போகிறவர்களுக்கும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோருக்கும் இது. ராபிட், பிளிட்ஸ் என்னும் குறைந்த நேரப் போட்டிகளின் விதிகளில் சில மாறும். அவற்றை இங்கே தொடவில்லை.

1. முதலில் ஐடி: பெயரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கவனம்

இந்திய ஆட்டக்காரர் ஃபிடே ரேட்டிங் போட்டி ஆட அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பில் (ஏஐசிஎஃப்) பதிவு வேண்டும். ஃபிடே ஐடியும் அந்தக் கூட்டமைப்பின் வழியாகத்தான் வரும். மாவட்ட, மாநிலத் தேர்வுப் போட்டிகளுக்கும் போகிற எண்ணம் இருந்தால் உங்கள் மாவட்டச் சங்கத்திலும் தமிழ்நாடு மாநில சதுரங்கக் கழகத்திலும் என்ன பதிவு தேவை என்று அப்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், எப்போதும் பார்க்கிற ஒரு மின்னஞ்சல், மாறாத ஒரு கைபேசி எண். கோச்சின் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, பிறகு அகாடமி மாறியதும் ஓடிபி வராமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. உங்கள் எண்ணையே கொடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று மூன்று விதமாக இருக்கும். ஃபிடே பட்டியலில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் பலர் பெயர் முன்னாலும் இனிஷியல் பின்னாலுமாக இருப்பார்கள். குகேஷ் டி, பிரக்ஞானந்தா ஆர் என்பதுபோல. எந்த எழுத்துக்கூட்டலைக் கொடுக்கிறீர்களோ அதே எழுத்துக்கூட்டலை ஒவ்வொரு நுழைவுப் படிவத்திலும் கொடுங்கள். நியூமராலஜி பார்த்து நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டுவதாக இருந்தால் அதைப் பதிவுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஐடி மறந்துவிட்டது என்று புதிதாக இன்னொன்று வாங்காதீர்கள். ஃபிடே ரேட்டிங் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் இருப்பது தெரிந்துவிடும். ஒருவருக்கு இரண்டு ஐடி இருந்தால் ஆட்டங்கள் இரண்டு இடத்தில் சிதறும். ஒன்றாக்க அலைய வேண்டும்.

போட்டிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் இந்த வேலை முடிந்திருக்கட்டும். கட்டணத்தைக் கூட்டமைப்பின் தளத்தில் அன்றைய நிலவரப்படி பாருங்கள். பழைய வாட்சப் பதிவில் இருக்கும் தொகையை நம்ப வேண்டாம்.

2. பிராஸ்பெக்டஸில் பரிசுத் தொகையை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்

போட்டி அறிவிப்பான பிராஸ்பெக்டஸில் எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்தப் பரிசு எத்தனை லட்சம் என்று. முதல் போட்டிக்குப் போகிறவருக்கு அந்த எண் ஒன்றுக்கும் உதவாது. பார்க்க வேண்டியவை வேறு.

நேரக் கட்டுப்பாடு. கிளாசிக்கலில் அதிகம் காண்பது 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் 30 நொடிக் கூடுதலும். இதில் 60 நகர்வு ஆட்டம் நான்கு மணி நேரம் போகலாம். 90 நகர்வு போனால் நாலரை மணி நேரம். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடியும். அடுத்த ரவுண்டு மூன்று மணிக்கு என்றால் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான், அதுவும் ஹாலுக்கு அருகில் சாப்பாடு கிடைத்தால். ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு, எத்தனை மணிக்கு என்பதை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

டீஃபால்ட் நேரம். ரவுண்டு தொடங்கி எத்தனை நிமிடத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது. போட்டிக்குப் போட்டி மாறும். சில இடங்களில் 30 நிமிடம், சில இடங்களில் 15, சில இடங்களில் பூஜ்யம். இதைத் தாண்டினால் ஆடாமலே தோல்வி. உங்கள் கடிகாரம் முதல் நிமிடத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் என்பது தனி.

பிரிவு. எல்லோரும் ஆடும் ஓப்பன், 1600-க்குக் கீழ், 1800-க்குக் கீழ் என்று நடத்துவார்கள். முதல் போட்டிக்குக் கீழ்ப் பிரிவுதான் நல்லது என்று சொல்வார்கள். எங்கள் கருத்தும் அதுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பதிவானவர்கள் பட்டியலை, போட்டிப் பட்டியல்களும் முடிவுகளும் வெளியாகும் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் திறந்து, ரேட்டிங் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ரேட்டிங் இல்லாதவர்கள் என்றால், ஒன்பது ரவுண்டு ஆடியும் ரேட்டிங் உள்ள எதிராளி மூன்று பேர்கூட மாட்டாமல் போகலாம். ஏன் அது முக்கியம் என்பது 9-ஆம் பகுதியில்.

பணம் திரும்புமா, பை உண்டா. கட்டிய நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. ஏதாவது ஒரு ரவுண்டு ஆட முடியாது என்று முன்பே தெரிந்தால், அதை ஆடாமலே அரைப் புள்ளி (பை) தருவார்களா, எந்த ரவுண்டு வரை தருவார்கள் என்று பாருங்கள். பேரிங் (யாரோடு யார் என்ற பட்டியல்) போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

3. செலவு

வெளியூர்ப் போட்டி, ஐந்து நாள், ஒரு பிள்ளையும் துணைக்கு ஒருவரும் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: நுழைவுக் கட்டணம் 3,000, அறை வாடகை நாளுக்கு 1,500 வீதம் 7,500, சாப்பாடு நாளுக்கு 600 வீதம் 3,000, பஸ்ஸும் ஆட்டோவும் 2,000. ஆக 15,500 ரூபாய். நான்கில் மூன்று பங்குக்கு மேல் அறையும் சாப்பாடும் பயணமும். அதனால் முதல் இரண்டு போட்டிகளை வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் வைத்துக்கொண்டால் அதே பணத்தில் நான்கு போட்டி ஆடலாம்.

கடைசித் தேதிக்குப் பிறகு சேர்ந்தால் தாமதக் கட்டணம் உண்டு. யூபிஐயில் பணம் கட்டியதும் வேலை முடிந்துவிடாது: பரிவர்த்தனை எண்ணை நுழைவுப் படிவத்தில் போட வேண்டும், பிறகு பட்டியலில் பெயர் ஏறியதா என்று பார்க்க வேண்டும். பெயர் வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு அமைப்பாளரை அழைப்பது முதல் ரவுண்டுக்கு முந்தின நாளாவது நடக்கட்டும். முதல் ரவுண்டு காலையில் அவர்கள் யாருடைய போனையும் எடுக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

4. பையில் என்ன

டிஜிட்டல் செஸ் கடிகாரம். நம் ஊரில் பல போட்டிகளில் ஆட்டக்காரர்களே கொண்டுவரச் சொல்வார்கள். பலகையும் காயும்கூடச் சில இடங்களில். இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் கடிகாரமே போதும், ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் நொடி கூட்டும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். புது பேட்டரி, கூட ஒரு செட் உபரி. 90 நிமிடம், 30 நொடி வைப்பது எப்படி என்று வீட்டில் பழகிவிட்டு வாருங்கள்.

இரண்டு பேனா. ஆதார், பிறப்புச் சான்றிதழ் நகல்கள். பரிசு வந்தால் தேவைப்படும் வங்கிக் கணக்கு விவரமும் பான் நகலும். தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், கடலை மிட்டாய். கல்யாண மண்டபத்தில் நடந்தால் காற்றாடிக்குக் கீழே, நகர்வுகளை எழுதும் ஸ்கோர்ஷீட் பறக்கும். கல்லூரி ஆடிட்டோரியத்தில் ஏசி நடுங்கவைக்கும். ஒரு முழுக்கைச் சட்டை இருக்கட்டும்.

கைபேசியையும் ஸ்மார்ட்வாட்சையும் துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். ஆட்டம் நடக்கும் இடத்தில் அனுமதியில்லாத மின்னணுக் கருவி உங்களிடம் இருப்பது தெரிந்தால் ஆட்டம் போய்விடும். பயன்படுத்தினீர்களா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. தனியாக வருகிறவர்கள், அணைத்துப் பையில் வைக்க ஆர்பிட்டர் அனுமதிக்கிறாரா என்று முதல் ரவுண்டுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பேண்ட் பாக்கெட்டில் அணைத்து வைத்தால் பரவாயில்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

5. பேரிங் வந்ததும்

யாரும் வெளியேறாமல், ஒரே அளவு புள்ளி உள்ளவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில் முதல் ரவுண்டில் பட்டியலின் மேல் பாதி கீழ்ப் பாதியோடு மோதும். 200 பேர் என்றால் முதலாமவருக்கு 101-ஆம் ஆள். ரேட்டிங் இல்லாதவர்கள் அடியில் இருப்பார்கள். உங்கள் வரிசை 180 என்றால் எதிராளி 80. ஆக, முதல் ஆட்டமே உங்களைவிட நன்றாக ஆடுகிறவரோடுதான். அதில் தோற்றால் அடுத்தது தோற்றவர்களோடு. இரண்டாவது, மூன்றாவது ரவுண்டில்தான் உங்கள் அளவுக்கு ஆடுகிறவர்கள் எதிரே வந்து உட்காருவார்கள். முதல் நாள் இரண்டு பூஜ்யம் வாங்கிய பிள்ளையை அன்று இரவே ஊருக்குக் கூட்டிப்போகிற பெற்றோர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பேரிங் தாளில் மூன்றைப் பார்க்க வேண்டும்: பலகை எண், நிறம், உங்கள் புள்ளி சரியாக ஏறியிருக்கிறதா என்பது. போன ரவுண்டு முடிவு தவறாக இருந்தால் உடனே சொல்ல வேண்டும். இரண்டு ரவுண்டு கழித்துச் சொன்னால் நடந்து முடிந்த பேரிங்கை யாராலும் மாற்ற முடியாது.

எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தேடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். இரண்டு ரவுண்டுக்கு நடுவில் என்றால் தேடவே வேண்டாம், படுத்து எழுந்திருங்கள். டேட்டாபேஸில் ஒரு நகர்வு இருக்கிறது என்பதாலேயே அது நல்ல நகர்வு ஆகிவிடாது. 1988-இல் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் விஸ்வநாதன் ஆனந்த், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆறே நகர்வில் தோற்றார். பெட்ரோஃப் என்ற ஓப்பனிங். ஐந்தாவது நகர்வில் கறுப்பு ஆடிய ஆனந்தின் பிஷப் எஃப்5-க்கு வந்தது. முந்தின ஆண்டு மைல்ஸ்–கிறிஸ்டியன்சன் ஆட்டத்தில் வந்து டிராவில் முடிந்த நகர்வு அது. சபாட்டா ராணியை ஈ2-இல் வைத்தார். ஈ4-இல் நிற்கும் குதிரைக்குப் பின்னால் ராஜா; குதிரையால் நகர முடியாது. டி5 என்று தாங்கினால் டி3 வந்து தாக்கும். கறுப்பு ராணி ஈ7 வந்தால் வெள்ளைக் குதிரை டி5-க்குத் தாவி அதை விரட்டும். காய் போயிற்று. உலக சாம்பியன் ஆகப்போகிறவருக்கே இது நடந்திருக்கிறது என்றால், நாம் மனப்பாடம் செய்யும் வரிசையில் ஒவ்வொரு நகர்வுக்கும் 'எதிராளி இதற்கு என்ன செய்வார்' என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

6. உட்கார்ந்ததும் கடிகாரம்

கை குலுக்குவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். 90-உம் 30-உம் வைத்தால் முதல் நகர்வுக்கான கூடுதலையும் சேர்த்துப் பெரும்பாலும் 1:30:30 என்று காட்டும். 1:30:00 என்று நின்றால் நொடிக் கூடுதல் ஏறியிருக்கிறதா என்று ஆர்பிட்டரைக் கேளுங்கள். பத்தாவது நகர்வில் கூடுதல் வரவில்லை என்று கண்டுபிடித்தால் அதைச் சரிசெய்யவே ஐந்து நிமிடம் போகும், மனமும் கலையும். கடிகாரம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை ஆர்பிட்டர்தான் முடிவு செய்வார். எதிராளியோடு அதற்காக வாதம் வேண்டாம்.

காயை நகர்த்திய அதே கையால் கடிகாரத்தை அமுக்க வேண்டும். ஒரு கையால் காய், மறு கையால் கடிகாரம் என்றால் ஆர்பிட்டர் தண்டிக்கலாம். ஒரே நகர்வுக்கு இரண்டு கையையும் பயன்படுத்திக் கடிகாரத்தை அமுக்கினால் அது இலீகல் மூவ் (விதிக்குப் புறம்பான நகர்வு) போலவே கருதப்படும். நகர்த்தாமலே கடிகாரத்தை அமுக்கினாலும் அப்படித்தான். காஸ்லிங்கும் ஒரே கையால்தான். முதலில் ராஜா, பிறகு யானை. யானையை முதலில் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் செய்ய முடியாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும். வீட்டில் இரண்டு கையாலும் காஸ்லிங் செய்து பழகிய பிள்ளைக்கு இந்தப் பழக்கம் மாற ஒரு வாரமாவது ஆகும்.

நேரப் பங்கீடு: 40 நகர்வுக்குள் உங்களுக்குக் கிடைப்பது கூடுதலையும் சேர்த்து 110 நிமிடம். நகர்வுக்கு இரண்டே முக்கால் நிமிடம். புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அவசரம்தான்; ஒன்றரை மணி நேரம் பாக்கி வைத்துக்கொண்டே தோற்று எழுந்திருப்பார்கள். எதிராளி பத்து நொடியில் ஆடினார் என்பதற்காக நீங்களும் பத்து நொடியில் ஆட வேண்டியதில்லை. ஸ்கோர்ஷீட்டில் ஐந்து நகர்வுக்கு ஒருமுறை மீதி நிமிடத்தைக் குறித்துக்கொள்ளலாம், விதி அனுமதிக்கிறது.

கடைசி மணி நேரத்துக்குத் தெம்பு மிச்சம் வையுங்கள். 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்தைத் தீர்மானித்த 14-ஆவது ஆட்டம், டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்தார். கறுப்பு ஆடிய குகேஷ் யானையை மாற்றினார், பிஷப்பை மாற்றக் கொண்டுவந்தார். வெறும் சிப்பாய்கள் மிஞ்சிய நிலை கறுப்புக்கு வெற்றி. 58-இல் ஆட்டம் முடிந்தது. நாலாவது மணி நேரத்தில் பசியோடு இருக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நேரம் இன்னும் கடினம். வாழைப்பழம் அதற்குத்தான்.

7. தொட்ட காய், இலீகல் மூவ்

தொட்ட காயை நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் வெட்ட முடிந்தால் வெட்ட வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய, தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும், அதுவும் உங்கள் நேரம் ஓடும்போது மட்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.

விதிக்குப் புறம்பான நகர்வை ஆடிக் கடிகாரத்தையும் அமுக்கிவிட்டால்: முதல் முறை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாம் முறை ஆட்டமே போகும். எதிராளியால் எந்த வழியிலும் மேட் செய்ய முடியாத நிலை என்றால் மட்டும் டிரா. செக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை ஆடுவதுதான் இதில் அதிகம் நடப்பது. நகர்வைத் திருத்தும்போதும் தொட்ட காய் விதி உண்டு. அந்தக் காயால் செக்கைத் தடுக்க முடிந்தால் அதைத்தான் ஆட வேண்டும்.

எதிராளி இலீகல் ஆடினால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரைக் கூப்பிடுங்கள். "பரவாயில்லை, திருப்பி வைங்க" என்று நீங்களே பெருந்தன்மையாக முடித்துக்கொண்டால், உங்களுக்கு வர வேண்டிய இரண்டு நிமிடம் வராது. அவர் மறுபடி செய்தாலும் ஆர்பிட்டரின் கணக்கில் அது முதல் முறைதான்.

சிப்பாய் எட்டாவது வரிசைக்கு வரும்போது பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மேசையில் உபரி ராணி இருக்காது. அவசரத்தில் யானையைத் தலைகீழாக வைத்து "ராணி" என்பார்கள். போட்டி விதியில் தலைகீழ் யானையும் யானைதான். சிப்பாயை எட்டில் வைத்துக் காயை மாற்றாமல் கடிகாரத்தை அமுக்கினால் இலீகல். சரியான வழி: கடிகாரத்தை நிறுத்துங்கள், ஆர்பிட்டரிடம் ராணி கேளுங்கள், வைத்த பிறகு ஆட்டத்தைத் தொடருங்கள். இதற்காகக் கடிகாரத்தை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. இன்னும் நல்லது, சிப்பாய் ஆறாவது வரிசையில் இருக்கும்போதே ஒரு ராணியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது.

8. ஸ்கோர்ஷீட்டும் டிராவும்

30 நொடிக் கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசி நகர்வு வரை எழுத வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழ் போனால் எழுத வேண்டாம் என்பது கூடுதல் இல்லாத, அல்லது 30 நொடிக்குக் குறைவான கூடுதல் உள்ள ஆட்டங்களுக்கு. இதைக் குழப்பிக்கொண்டு பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நகர்வை ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டு ஆடக் கூடாது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது குதிரைக்கு 'என்', ராஜாவுக்கு 'கே'. இரண்டுக்கும் 'கே' போட்டால் பிறகு டிரா கேட்கும்போது உங்கள் தாளே உங்களுக்கு எதிராகும். ஒரே கட்டத்துக்கு இரண்டு குதிரையும் போக முடியும் என்றால் எது போனது என்று நெடுவரிசை எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

டிரா கேட்கும் முறை: நகர்வை ஆடுங்கள், "டிரா?" என்று ஒருமுறை சொல்லுங்கள், பிறகு கடிகாரத்தை அமுக்குங்கள். தாளில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் சமக்குறியை அடைப்புக்குள் போடுங்கள். எதிராளி யோசிக்கும்போது கேட்பதும், மறுத்த பிறகு மூன்று நகர்வுக்கு ஒருமுறை கேட்பதும் தொந்தரவு என்று புகாராகும். இத்தனை நகர்வுக்கு முன் பேசி டிரா செய்யக் கூடாது என்று சில போட்டிகளில் விதி இருக்கும், பிராஸ்பெக்டஸில் பாருங்கள்.

அதிகம் பேர் அரைப் புள்ளியை இழப்பது ஒரே நிலை மூன்று முறை வருவதில். ஒரு உதாரணம். நீங்கள் யானையால் செக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்து யானையை ஈ7-இல் வைத்தால் அதே நிலை மூன்றாம் முறை வரும். யானையை ஈ7-இல் வைத்து, கடிகாரத்தையும் அமுக்கிவிட்டு, "மூணு தடவை வந்துடுச்சு, டிரா" என்று சொன்னால் உங்கள் உரிமை போய்விட்டது. இப்போது கேட்கும் உரிமை எதிராளிக்கு. அவர் கேட்காமல் வேறு நகர்வைத் தேடலாம்.

செய்ய வேண்டியது இது. யானையைத் தொடாதீர்கள். நகர்வைத் தாளில் எழுதுங்கள். முன்கூட்டி எழுத அனுமதி உள்ளது டிரா கோரும்போதுதான். கடிகாரத்தை நிறுத்துங்கள். ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, "இந்த நகர்வை ஆடினால் நிலை மூன்றாம் முறை வருகிறது" என்று சொல்லுங்கள். அவர் இரண்டு பேர் தாளையும் வைத்து ஆடிப் பார்ப்பார். மூன்று முறையும் தொடர்ந்து வர வேண்டியதில்லை. ஆனால் காய்கள் எல்லாம் அதே கட்டத்தில், அதே பக்கத்தின் முறையில், காஸ்லிங் உரிமையும் மாறாமல் இருக்க வேண்டும். கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், எழுதிய நகர்வை நீங்கள் ஆடியாக வேண்டும். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாத 50 நகர்வு விதிக்கும் இதே முறைதான். ஐந்து முறை வந்தாலோ 75 நகர்வு ஆனாலோ யாரும் கேட்காமலே டிரா.

ஆட்டம் முடிந்ததும் கை குலுக்குவதில் ஒரு குழப்பம். ஒருவர் டிரா என்று நினைத்துக் கை நீட்டுவார், மற்றவர் அவர் ரிசைன் செய்தார் என்று எடுத்துக்கொள்வார். கையைக் கொடுப்பதற்கு முன் வாயால் கேளுங்கள்: "டிராவா, ரிசைனா?" முடிவை இரண்டு தாளிலும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வெற்றிக் களிப்பில் தன் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்ட பிள்ளைகள் உண்டு. மேல் தாள் அமைப்பாளருக்கு. கார்பன் நகலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காய்களை அடுக்கிவிட்டு எழுந்திருங்கள், அலசலை ஹாலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் செஸ்-ரிசல்ட்ஸில் முடிவு சரியாக ஏறியதா என்று ஒருமுறை பாருங்கள்.

நடுவில் விலகுவதாக இருந்தால் அடுத்த பேரிங்குக்கு முன் ஆர்பிட்டரிடம் எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் போனால் எதிரே ஒருவர் காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் புள்ளி கிடைக்கும், ஆனால் ஆடாத ஆட்டம் ரேட்டிங்குக்குச் சேராது.

9. ரேட்டிங் எப்போது, எவ்வளவு

முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ள எதிராளிகளோடு குறைந்தது ஐந்து ஆட்டம் வேண்டும். ஒரே போட்டியில் முடிய வேண்டியதில்லை. 26 மாதத்துக்குள் ஆடியவை சேர்க்கப்படும். முதல் போட்டியில் ரேட்டிங் உள்ளவர்களிடம் ஒரு அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்தப் போட்டி கணக்கில் வராது. வரும் எண் குறைந்தது 1400 ஆக இருக்க வேண்டும். 2024 மார்ச் முதல் அதுதான் அடிமட்டம்.

கணக்கு இப்படி. 1500, 1550, 1600, 1650, 1700 ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடு ஆடி 2 புள்ளி எடுத்தீர்கள் என்று வைப்போம். இதோடு 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளிடம் இரண்டு டிரா செய்ததாகச் சேர்ப்பார்கள். ஏழு பேரின் சராசரி 1657, புள்ளி 7-க்கு 3. அது 43 சதவீதம். அட்டவணைப்படி 50 குறையும். முதல் ரேட்டிங் 1607.

அதன் பிறகு முதல் 30 ஆட்டம் வரை கே மதிப்பு (ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. 18 வயது நிறையும் ஆண்டின் இறுதி வரை, 2300-க்குக் கீழே இருந்தால், 40-தான். சமமான ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 ஏறும், தோற்றால் 20 இறங்கும். உங்களைவிட 200 குறைந்தவரை வென்றால் 9.6 தான் ஏறும், தோற்றால் 30.4 இறங்கும். ஒரே போட்டியில் நூறு ஏறுவதும் அடுத்ததில் எண்பது இறங்குவதும் இந்த 40-ஆல்தான்.

பட்டியல் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி வரும். மாதக் கடைசியில் முடிந்த போட்டி அடுத்த மாதப் பட்டியலுக்குத் தள்ளிப் போகலாம். ஃபிடே தளத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து, அந்தப் போட்டியின் கணக்கில் ஒவ்வொரு எதிராளியின் பெயரையும் முடிவையும் கார்பன் நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் போட்டியின் தலைமை ஆர்பிட்டருக்கு, பலகை எண், ரவுண்டு எண், தாளின் படம் மூன்றையும் வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள்.